மேடேறும் சத்து

ஒரு கோடையில் மன்னார்குடிப் பக்கம், அறுவடை முடிந்த வயலில் மறித்திருந்த ஆட்டுக்கிடையில் ஓர் இரவு தங்கினேன். நடுச்சாமம் தாண்டியதும் கிடையின் தலைவரான கீதாரி எழுந்து, படுத்துக் கிடந்த செம்மறிகளை ஓர் அதட்டுப் போட்டு எழுப்பினார். எழுந்த ஆடு அடி எடுத்து வைக்கும் முன் மூத்திரம் பெய்யும். சற்று நேரம் விட்டு, வலையைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி நட்டு, ஆடுகளை மறுபடி உள்ளே அடைத்தார். வயல்காரர் இராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் காசு கொடுப்பது இதற்காகத்தான். என்ன கணக்கு இது என்று கேட்டேன். "பகல்ல ஊரு வரப்பெல்லாம் மேயுதுங்க, ராத்திரி ஒரே வயல்ல போடுதுங்க. அம்புட்டுதேன்" என்றார்.

அவர் சொன்னது ஒரு சுமைகூலிக் கணக்கு. நிலத்தில் உள்ள சத்து தானாக நகர்ந்தால் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நகரும். மழை கரைத்து வாய்க்காலில் விடும், வாய்க்கால் ஆற்றில் விடும், ஆறு கடலில் கொண்டுபோய்த் தள்ளும். பள்ளிப் பாடநூலில் ஊட்டச்சத்துச் சுழற்சி என்று வட்டமாக அம்புக்குறி போட்ட படம் ஒன்று இருக்கும். மாடு, மரம், மண், காளான் எல்லாம் அதில் இருக்கும். சரிவு மட்டும் இருக்காது. வட்டத்தைப் பார்த்தால் போனது தானே திரும்பி வந்துவிடும் என்று தோன்றும். நிலத்தில் அப்படி எதுவும் தானே திரும்புவதில்லை. உயிர்கள் செய்கிற வேலை இரண்டு: கீழே போவதைத் தாமதிக்க வைப்பது, போனதில் கொஞ்சத்தையாவது மேட்டுக்குச் சுமந்து வருவது. கடந்த அறுபது ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த பெரிய ஆய்வுகளை இந்த இரண்டு வேலைகளின் கணக்காகப் படித்தால் பல விஷயங்கள் தெளிகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் சரக்கைப் பற்றி. நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும் பாஸ்பரஸை மணிச்சத்து என்றும் நம் வேளாண் துறை அழைப்பது நல்ல பெயர்சூட்டல். ஒன்று தழையைக் கொடுக்கும், மற்றது மணியோடு வயலை விட்டுப் போகும். இரண்டுக்கும் குணம் வேறு. தழைச்சத்தின் களஞ்சியம் காற்று. நாம் இழுக்கும் மூச்சில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் செடிக்கு அது கண்ணெதிரே பூட்டிய பெட்டி. இயற்கையில் அதைத் திறக்கத் தெரிந்தவை மின்னலும் சில வகை நுண்ணுயிர்களும்தான். பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்பதை 1888-இல் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினார்கள். சம்பா அறுத்த தரிசில் உளுந்து பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் கடுகுபோல் ஒட்டியிருக்கும் முடிச்சை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் பங்காளி ஒன்று அங்கே ஆக்சிஜன் அளவைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் நின்றுவிட்டது. தழைச்சத்துக்குத் திரும்பிப் போகும் வழியும் உண்டு. நீர் தேங்கிக் காற்றில்லாமல் கிடக்கும் சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை மறுபடி வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிவிடும்.

மணிச்சத்துக்கு வானத்தில் வீடு கிடையாது. பாறை தேய்ந்தால் மண்ணுக்கு வரும், மண்ணிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து விலங்குக்கு. கடைசியில் கடலடியில் படியும். அந்தக் கடலடி மலையாக எழும்பி மறுபடி தேயக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதையும் சுழற்சி என்றுதான் சொல்கிறார்கள். எந்தக் காடும் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

அப்படியென்றால் காடு தன்னிடம் இருப்பதை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? இதற்கு ஐந்தொகை போட்டுப் பார்த்த இடம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹப்பர்ட் புரூக் காடு. ஹெர்பர்ட் போர்மனும் ஜீன் லைக்கன்ஸும் 1963-இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். அவர்களுடைய யோசனை எளிமையானது. அந்த மலைச்சரிவில் சிறு சிறு நீர்ப்பிடிப்புகள் இருந்தன. அடியில் நீர் கசியாத பாறை. மழையாகவும் பனியாகவும் உள்ளே வருவது மேலிருந்து மட்டும்தான், வெளியே போவது ஒரே ஓடை வழியாக மட்டும்தான். ஓடையின் அடிவாரத்தில் சிமென்டுத் தடுப்பு கட்டி, நடுவில் கூம்பு வடிவ வெட்டு விட்டு, அதன் வழியே ஓடும் நீரை அளந்தார்கள். வரவு, செலவு இரண்டும் தெரிந்தால் காட்டின் கணக்கு தெரிந்துவிடும். மரம் நிற்கும் வரை அந்தக் கணக்கில் அதிசயம் ஒன்றும் இல்லை. தழைச்சத்து செலவை விட வரவு கூடுதலாகவே இருந்தது.

பிறகு 1965-66 குளிர்காலத்தில், 15.6 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு நீர்ப்பிடிப்பில் இருந்த மரங்கள் அத்தனையையும் வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு கட்டையைக் கூட வெளியே எடுக்கவில்லை. வெட்டியது வெட்டிய இடத்திலேயே கிடந்தது. மறுபடி தளிர் விடாதபடி மூன்று கோடைகள் களைக்கொல்லி தெளித்தார்கள். இன்றைக்கு அந்தச் சோதனைக்கு யாரும் அனுமதி கொடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கொடுக்காமலிருப்பதே நல்லது. ஆனால் அதிலிருந்து தெரிந்துகொண்டதை வேறு வழியில் இவ்வளவு பட்டவர்த்தனமாகத் தெரிந்துகொண்டிருக்க முடியுமா என்பது சந்தேகம். முதல் ஆண்டிலேயே ஓடைநீர் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. நைட்ரேட் பல பத்து மடங்காக ஏறி, குடிநீருக்கு வகுத்த அளவையும் தாண்டியது. சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அதன் கூடவே வெளியேறின.

யாரும் எதையும் எடுத்துப் போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள். இலை, கிளை, அடிமரம், மண் எல்லாம் அங்கேயே இருந்தன. மண்ணில் இருந்த நுண்ணுயிர்களும் முன்பு போலவே மக்க வைத்துக்கொண்டிருந்தன, சத்தைக் கரைய விட்டுக்கொண்டிருந்தன. கரைந்ததை அந்தக் கணமே உறிஞ்ச வேர் இல்லை, அவ்வளவுதான். சரக்கு கிடங்கில் கிடந்தது, கிடங்குக்குக் கதவு இல்லை. களைக்கொல்லியை நிறுத்தியதும் காட்டுச் செர்ரிச் செடிகள் மளமளவென்று முளைத்து மூடின. வணிகத்துக்கு உதவாத, குறுகிய ஆயுள் கொண்ட மரம் அது. ஓடையின் இழப்பு சில ஆண்டுகளில் அடங்கியது. வெட்டவெளியில் முதலில் வருவதைக் 'களை' என்று ஒதுக்கும் பழக்கம் நமக்கும் உண்டு. அது காயத்தின் மேல் படியும் பொருக்கு மாதிரி. அமில மழையின் தடயத்தை வட அமெரிக்காவில் முதலில் அளந்ததும் இதே காட்டில்தான். அந்த மழை மண்ணின் சுண்ணாம்புச்சத்தை எவ்வளவு அரித்துவிட்டது என்றால், 1999-இல் ஒரு நீர்ப்பிடிப்புக்கு ஹெலிகாப்டரில் சுண்ணாம்புச்சத்துத் தாதுவைக் கொண்டுவந்து தூவிப் பார்த்தார்கள். மேப்பிள் மரங்கள் தேறின.

வேர் மட்டுமல்ல, இலையும் கஞ்சத்தனம் தெரிந்தது. மாசியில் வேம்பு இலை பழுத்து உதிர்வதைப் பார்க்கிறோம். பச்சை போய் மஞ்சளாகும் அந்தச் சில நாட்களில் மரம் இலைக்குள் இருக்கும் தழைச்சத்து, மணிச்சத்துகளைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பொதுவாக மரங்கள் இப்படி மீட்பது ஏறத்தாழ பாதி, சில மரங்களில் அதற்கும் மேல். நாம் கூட்டித் தள்ளும் சருகு, மரம் பிழிந்து எடுத்தபின் போட்ட சக்கை.

வெப்ப மண்டல மழைக்காட்டில் இந்தக் கஞ்சத்தனம் உச்சத்துக்குப் போகிறது. வெனிசுவேலாவில் ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் சான் கார்லோஸ் என்ற இடத்தில், தரைக்கு மேலேயே மெத்தைபோல் பின்னிக் கிடக்கும் வேர்ப்படலத்தின் மீது கதிரியக்கம் ஏற்றிய மணிச்சத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் தெளித்துப் பார்த்தார்கள். 1978-இல் வெளியான அந்த ஆய்வின்படி 99.9 விழுக்காட்டைப் படலமே பிடித்துக்கொண்டது, கீழே மண்ணுக்குக் கசிந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் காட்டின் செழிப்பைப் பார்த்து மண் வளமானது என்று நம்பி எரித்து விதைத்தவர்களுக்கு இரண்டு மூன்று விளைச்சல் கிடைக்கும். பிறகு ஒன்றும் இல்லை.

மக்க வைப்பவர்களைப் பற்றி நம் ஊரில் ஒரு சொலவடை உண்டு: ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம். இதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. நுண்ணுயிரின் உடம்பில் எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கும். தின்னும் கரிமத்தில் பெரும்பகுதியை மூச்சாக விட்டுவிடுவதால், ஒன்றுக்கு இருபத்தைந்து என்ற விகிதத்தில் இரை கிடைத்தால் அதற்குச் சரியாக இருக்கும். அதைவிடச் செறிந்த இரை என்றால் மிச்சத் தழைச்சத்தை மண்ணில் விட்டுவிடும், பயிர் எடுத்துக்கொள்ளும். ஆட்டுப் புழுக்கை அப்படிப்பட்ட இரை. மாட்டுச் சாணத்தில் செரிக்காத நார் அதிகம், மெதுவாகத்தான் கைவிடும். வைக்கோலில் கரிமம் இன்னும் பல மடங்கு. அதை அப்படியே மடக்கி உழுதால் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணின் தழைச்சத்தையே கடன் வாங்கும். நட்ட பயிர் வெளுக்கும். வைக்கோலை மடக்கி உழுததால் மண் கெட்டுவிட்டது என்று சொல்வார்கள். மண் கெடவில்லை, சத்து சில வாரங்களுக்கு வேறு உடம்பில் இருக்கிறது.

இவ்வளவு பிடித்து வைத்தாலும் ஒழுக்கு இருக்கத்தான் செய்யும். நூறு ஆண்டில் தெரியாதது பத்து லட்சம் ஆண்டில் தெரியும். அதைப் பார்க்க ஹவாய்த் தீவுகளைப் போல இடம் கிடையாது. எரிமலைத் தீவுகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கோடியில் 300 ஆண்டு வயதான எரிமலை மண், மறுகோடியில் காவாய் தீவில் 41 லட்சம் ஆண்டுப் பழைய மண். ஒரே வகை மரம், ஏறக்குறைய ஒரே மழை. பீட்டர் விட்டோசெக்கும் உடன் ஆய்வாளர்களும் இந்த வரிசை நெடுக உரமிட்டுச் சோதித்தார்கள். இளம் மண்ணில் மரத்துக்குத் தழைச்சத்து பற்றவில்லை. கிழ மண்ணில் தழைச்சத்து தாராளம், மணிச்சத்துதான் பற்றவில்லை. பாறையில் இருந்தது கரைந்து தீர்ந்துவிட்டது. அப்படியும் அங்கே காடு நிற்கிறதே, எப்படி? ஆசியக் கண்டத்தின் நடுவே உள்ள பாலைகளிலிருந்து பசிபிக்கைத் தாண்டிக் காற்றில் வரும் தூசி அதற்கு மணிச்சத்து போடுகிறது என்று 1999-இல் கண்டார்கள்.

இதே கதையின் பெரிய வடிவம் அமேசான். சாட் நாட்டில் வற்றிப்போன ஏரிப் படுகையான போடேலேயிலிருந்தும் சகாராவின் மற்ற பகுதிகளிலிருந்தும் கிளம்பும் தூசியில் ஆண்டுக்கு 2.77 கோடி டன் அமேசான் மீது இறங்குகிறது, அதில் 22,000 டன் மணிச்சத்து என்று செயற்கைக்கோள் அளவுகளை வைத்து 2015-இல் ஒரு மதிப்பீடு வந்தது. மழையிலும் வெள்ளத்திலும் அந்தக் காடு இழப்பதும் ஏறத்தாழ அவ்வளவே என்றார்கள். செய்தித்தாள்கள் கொண்டாடின. எனக்கு அந்தப் பொருத்தம் கொஞ்சம் அளவுக்கு மீறிய அழகாகப் படுகிறது. ஆண்டுக்கு ஆண்டு தூசி பெரிதும் மாறுகிறது. 2019-இல் வந்த இன்னோர் ஆய்வு, ஆப்பிரிக்காவில் புல்வெளியும் காடும் எரியும் புகை கொண்டு வருவதும் கணிசம் என்கிறது. காற்று மேட்டுக்குச் சுமக்கிறது என்பது மட்டும் உறுதி.

காற்றுக்கு அடுத்த சுமைகாரர்கள் விலங்குகள். பசிபிக் சால்மன் தன் எடையில் 95 விழுக்காட்டுக்கு மேல் கடலில் தின்றே சேர்க்கிறது. பிறகு ஆற்றை எதிர்த்து ஏறி, முட்டையிட்டுச் செத்துப்போகிறது. கரடி அதைக் கரைக்கு இழுத்துப் பாதி தின்று போட, கடலின் தழைச்சத்து கரையோர மரத்தின் கட்டையில் ஏறுகிறது. கடலில் இருந்து வரும் நைட்ரஜனில் கனமான வகை சற்றுக் கூடுதல் என்பதால் மரத்தை அறுத்துப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். கென்யாவின் மாரா ஆற்றில் நடப்பது இதற்குத் தலைகீழ். ஆற்றைக் கடக்கும்போது ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் மான்கள் மூழ்கிச் சாகின்றன என்று 2017-இல் கணக்கிட்டார்கள். சதை சில வாரங்களில் தீர்ந்துவிடும். எலும்பு கரைய ஏழு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் மணிச்சத்தைச் சொட்டு மருந்து போல ஆற்றுக்கு விட்டுக்கொண்டிருக்கும்.

நமக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. நாரையும் கொக்கும் நீர்க்காகமும் சுற்றுவட்டாரத்து ஏரிகளில் மீன் பிடித்து, இந்த ஓர் ஏரியின் மரங்களில் வந்து அடைந்து, எச்சத்தை இந்த நீரில் விடுகின்றன. அந்த நீர் பாயும் வயலுக்கு உரம் குறைவாகவே வேண்டும் என்பது ஊரார் தலைமுறை தலைமுறையாக அறிந்தது. பறவையைச் சுட வந்தவர்களை எதிர்த்து அவர்கள் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை கொடுத்தார். சரணாலயம் என்ற சொல்லுக்கு இன்று ஏறியிருக்கும் பக்தி அன்று இருந்ததோ என்னவோ, உரக் கணக்கு நிச்சயம் இருந்தது. கடற்பறவைகளும் ஆற்றில் ஏறும் மீன்களும் ஒரு காலத்தில் நிலத்துக்குக் கொண்டுவந்த மணிச்சத்தில் இன்று நூற்றில் நான்கு பங்குதான் வருகிறது என்று 2016-இல் ஒரு குழு கணித்தது. மாதிரிக் கணக்கு என்பதால் எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. போக்கு மறுக்க முடியாதது.

அந்தச் சுமையை மனிதன் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான். முதலில் பறவை சேர்த்ததையே வெட்டினான். பெரு நாட்டில் மழையே பெய்யாத சின்ச்சா தீவுகளில் கடற்பறவை எச்சம் குன்றாகக் குவிந்திருந்தது. 1840-க்கும் 1880-க்கும் இடையில் பெருவிலிருந்து ஒரு கோடி டன்னுக்கு மேல் கப்பலேறியது. வெட்டிய கைகளில் பெரும்பாலானவை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்களுடையவை. அது தீர்ந்ததும் காற்றையே உடைத்தான். 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்து காட்ட, கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை ஆக்கினார். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உண்ணும் உணவு அந்த முறையில் உடைத்த தழைச்சத்தால் விளைகிறது. மணிச்சத்துக்கு அப்படிக் குறுக்கு வழி கிடையாது, பாறையைத்தான் தோண்ட வேண்டும். உலக இருப்பில் பத்தில் ஏழு பங்கு மொராக்கோவின் கையில். இந்தியா தன் தேவையில் பெரும்பங்கை இறக்குமதி செய்கிறது. நம் தட்டுச் சோற்றில் ஆப்பிரிக்கப் பாறை இருக்கிறது.

இலங்கையில் அநுராதபுரத்துக்கு அருகே எப்பாவலவில் பாறை உண்டு. 1971-இல் கண்டுபிடித்தார்கள். அதை முப்பது ஆண்டுக்குள் தோண்டி ஏற்றுமதி செய்ய ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க முயன்றபோது ஊர் விவசாயிகள் வழக்குப் போட்டு 2000-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அதே நாடு 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்தது. நெல்லும் தேயிலையும் அடிபட்டு, நவம்பரில் தடையை விலக்கியது. இயற்கை வேளாண்மை தோற்றதாக அதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வேறாகத் தெரிகிறது. வயலுக்கு அரை நூற்றாண்டாகக் கப்பலில் வந்துகொண்டிருந்த சத்தை நிறுத்துவது ஒரு நாள் வேலை. அதைச் சுமக்கும் மாட்டையும் ஆட்டையும் பயற்றையும் குளத்து வண்டலையும் மறுபடி உண்டாக்கப் பல போகங்கள் ஆகும்.

வேகமாகக் கொட்டினால் வேகமாகவே ஒழுகும். நெல்லுக்குப் போட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு முப்பது, நாற்பதுதான். மீதி ஆவியாகும், நீரில் போகும். நம் அரசு 2015-இல் யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசிக் கொடுக்கச் சொன்னது அந்த ஒழுக்கை மந்தப்படுத்தத்தான். ஒழுகியது என்ன செய்யும் என்பதை 1973-இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் காட்டினார். ஒண்டாரியோவில் 226 என்று எண் மட்டும் கொண்ட ஏரி ஒன்றின் இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கரிமமும் தழைச்சத்தும், மறுபக்கம் அவற்றோடு மணிச்சத்தும் போட்டார். மணிச்சத்து விழுந்த பக்கம் பாசி பூத்துப் பச்சைக் கூழானது. விமானத்திலிருந்து எடுத்த ஒரு படம் சோப்புத்தூளில் பாஸ்பேட் கூடாது என்ற வாதத்துக்குப் பெரிய சாட்சியாயிற்று. கடலோரங்களில் இப்படிப் பூத்த பாசி செத்து மக்கியதால் ஆக்சிஜன் தீர்ந்துபோன பகுதிகள் 400-க்கு மேல் என்று 2008-இல் எண்ணினார்கள்.

காவிரிப் படுகையில் இந்தக் கணக்கு எப்படி நிற்கிறது? ஆடியில் செந்நீராக வந்த வெள்ளம் ஆண்டுதோறும் போட்டுவந்த வண்டலில் பெரும்பகுதி 1934 முதல் மேட்டூர் அணைக்குள் படிகிறது. நெற்பயிர் எடுத்த சாம்பல்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் இருக்கிறது. அறுவடை இயந்திரம் போனதும் வைக்கோலை உருளையாகச் சுருட்டி லாரியில் ஏற்றுகிறார்கள், கேரளத்து மாடு வரைக்கும் போகிறது. மணிச்சத்து நெல்லோடு நகரத்துக்குப் போய், அங்கிருந்து சாக்கடை வழியாகப் பள்ளத்தில் இறங்குகிறது. ஒரு மனிதர் ஆண்டில் கழிக்கும் மூத்திரத்தில் நான்கு கிலோ அளவுக்குத் தழைச்சத்து உண்டு. திருச்சிக்கு மேற்கே முசிறியில் மலத்தையும் மூத்திரத்தையும் தனித்தனியாகச் சேர்க்கும் கழிப்பறை கட்டி அதை வயலுக்குக் கொண்டுபோகும் முயற்சி நடந்தது. பயன்படுத்துபவருக்குச் சில்லறை கூடக் கொடுத்தார்கள். தமிழகத்தில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. மேட்டிலிருந்து அரித்து வந்த சத்தைப் பாதி வழியில் மறிக்கும் பொறிகள் அவை. கோடையில் அவற்றின் வண்டலான கரம்பையை வெட்டி வண்டியில் புஞ்சைக்கு அடித்த வரைக்கும் அந்தக் கணக்கு நேராக இருந்தது. இப்போது வெட்டும் மண்ணில் ஒரு பகுதி செங்கல் சூளைக்குப் போகிறது. அங்கிருந்து அது எந்தச் செடிக்கும் திரும்பாது.

விடிந்ததும் கிடை வலையைச் சுருட்டினார்கள். வரப்புகளில் களைக்கொல்லி அடிக்கிறார்கள், ஆட்டை எங்கே விடுவது என்று கீதாரி புலம்பிக்கொண்டிருந்தார். அடுத்த வயல்காரர் சைக்கிளில் வந்து இறங்கி, இராத்திரிக்கு என்ன கூலி என்று கேட்டார். கீதாரி சொன்ன தொகையைக் கேட்டுச் சிரித்தார். "யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதுக்கு மேல நான் ஏன் கீதாரி குடுக்கணும்?"

கீதாரி பதில் சொல்லாமல் ஆடுகளை எண்ண ஆரம்பித்தார்.